பண்ணை வீட்டுச் சமையல்காரி

அத்தியாயம் 19

வேலைக்கு வந்ததும் அவள் முதலில் செய்வது, தன்னைக் கழற்றி வைப்பதுதான்.

கைக்கடிகாரம், செல்போன், கம்மல், ஹேர்கிளிப். எல்லாவற்றையும் உடைமாற்றும் அறையின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். முரட்டுத் துணியில் தைத்த நீளமான பழுப்பு உடையைத் தலைவழியாக மாட்டிக்கொண்டாள். முடி ஒன்றுகூட வெளியே தெரியாதபடி தலையில் துணியை இறுக்கிக் கட்டினாள். கரித்துண்டை விரலில் தேய்த்துக் கன்னத்தில் ஒரு தீற்று, நெற்றியில் ஒரு தீற்று.

கண்ணாடியில் பண்ணை வீட்டுச் சமையல்காரி நின்றாள்.

மழை பெய்த ஓர் இரவில், காய்ச்சலில் கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல், "ஒரு வாரத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கணவன் வீட்டுப் படியிறங்கியவள் இவள். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. குழந்தையைக் கண்ணில் காட்டக்கூட நாத்தனாருக்கு மனம் வரவில்லை. மாதம் ஒருமுறை கோர்ட் அறையில் பார்க்கலாம் என்று உத்தரவு இருந்தது. முதல் மாதம் குழந்தைக்குச் சளி என்றார்கள். அடுத்த மாதம் வண்டி பழுது என்றார்கள். வீட்டு வாசலில் நாலு வண்டி வைத்திருக்கும் குடும்பம் அது.

வருகிற திங்கட்கிழமைதான் எல்லாம் முடிவாகப் போகிறது. கோர்ட்டில் இருக்கும் ஆலோசகர் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"உங்களுக்கு ஒரு நிரந்தர வேலை வேணும். அது ஒண்ணு. குழந்தையைத் தனியா உக்கார வெச்சு, யாரோட இருக்க ஆசைன்னு கேப்பேன். அது ரெண்டு. இந்த ரெண்டும் சரியா இருந்தா, உங்களைத் தடுக்க ஆள் இல்ல."

ரெண்டாவதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. பொடிசு தன் அம்மாவைத்தான் கேட்பாள். அதில் என்ன சந்தேகம்?

முதலாவதுதான் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் இன்றைக்கு வழி பிறக்கும்போல் இருந்தது.

"சமையலம்மா, விஷயம் தெரியுமா?" என்றார் கண்டக்டர்.

அவர் இங்கே கொல்லுப்பட்டறைக் கொல்லர். அதற்கு முன்னால் முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டர். தோல் ஏப்ரனும் சம்மட்டியுமாக நின்றாலும், கூட்டம் சேர்ந்துவிட்டால் அவர் வாயில் தன்னால் வந்துவிடும்: "உள்ள போங்க, உள்ள போங்க, வாசல்ல நிக்காதீங்க."

"என்ன விஷயம்?"

"இன்னிக்குக் கமிட்டி ஆள் வர்றாராம். டிக்கெட் வாங்கிட்டு, பார்வையாளர் மாதிரியே சுத்துவாராம்."

"எப்படி இருப்பார்?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? டிக்கெட் செக்கர் மட்டும் எனக்குப் போஸ்டர் ஒட்டிட்டா வந்தான்? நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. இன்னிக்குத் தேறிட்டா நீயும் பர்மனென்ட்டு. அப்புறம் என்னை மாதிரி என்ன உளறினாலும் அசைக்க முடியாது."

"நான் உளற மாட்டேன்."

"அது தெரியும். உன் வாயில இருந்து நிஜம் பிடுங்கணும்னா கொறடுதான் வேணும்."

அவர் தமாஷாகத்தான் சொன்னார். அவளும் சிரித்தாள்.

ஊரை விட்டுத் தள்ளி, வளைவு வளைவாக மேடேறும் புல்வெளியில் இருந்தது அந்தத் திறந்தவெளி அருங்காட்சியகம். எங்கெங்கோ இருந்த பழைய கிராமத்துக் கட்டடங்களைப் பிரித்து, ஒவ்வொரு கல்லுக்கும் உத்தரத்துக்கும் எண் போட்டு, லாரியில் ஏற்றி வந்து மறுபடி பூட்டி நிறுத்தியிருந்தார்கள். மாவரைக்கும் ஆலை, ஆட்டிடையன் குடிசை, ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், பட்டறை, பண்ணை வீடு. ஒன்றுக்கொன்று முன்பின் தெரியாத வீடுகள், ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்த பயணிகளைப் போல ஒன்றையொன்று பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றன.

வீடு மட்டும் இருந்தால் போதுமா, வீட்டுக்குள் ஆள் வேண்டாமா? அதற்குத்தான் இவர்கள். காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை, கயிறு கட்டிய எல்லைக்குள் இருக்கும் யாரும் இந்தக் காலத்து மனிதர் இல்லை. "கேளுங்கள், சொல்வார்கள். கேளுங்கள், செய்து காட்டுவார்கள்" என்று வாசலில் பலகை. கழிப்பறை எங்கே என்று கேட்டால்கூட, "கறுப்பு ஓடு போட்ட வீட்டுக்குப் பின்னால, தொட்டிக்கு அந்தாண்டை" என்றுதான் சொல்ல வேண்டும். டைல்ஸ் ஒட்டிய, தானாகத் தண்ணீர் வரும் கழிப்பறை அது.

ஒவ்வொருவருக்கும் ஒரு கதை கொடுத்திருந்தார்கள். சமையல்காரியின் கதை இது: சிறு வயதிலேயே இந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்தவள். கட்டியவன் கண்மூடிவிட்டான். பிள்ளை இல்லை. அடுப்பங்கரைதான் உலகம்.

போன மாதம், நூல் நூற்கும் பெண்ணிடம் ஒருவர் சாதாரணமாகக் கேட்டார், "உங்க பையன் என்னம்மா பண்றான்?" ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தவள் பெருமை தாங்காமல், "கம்ப்யூட்டர் படிக்கிறான் சார்" என்றுவிட்டாள். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மறுநாள் ராட்டையின் முன்னால் வேறு ஆள் உட்கார்ந்திருந்தாள்.

காலை முழுக்க அவள் கமிட்டி ஆளைத் தேடிக்கொண்டே வேலை செய்தாள். குடையால் உத்தரத்தைத் தட்டிப் பார்த்த பெரியவரைச் சந்தேகப்பட்டாள். அவர் அடுப்பில் கிடந்த ரொட்டியை ஒரு விள்ளல் திருடித் தின்றுவிட்டுப் போனார். அவராக இருக்காது. எதையோ குறித்துக்கொண்டே வந்த பெண்ணைச் சந்தேகப்பட்டாள். அவள் குறித்தது சாயங்காலம் கணவனிடம் வாங்கி வரச் சொல்ல வேண்டிய காய்கறிகள்.

வெயில் சாய்ந்து, அடுக்களை ஜன்னல் வழியாகத் தரையில் நீளமாக விழுந்த நேரத்தில்தான் கண்ணாடி போட்ட ஒருவர் வந்து கதவோரம் நின்றார். கையில் எதுவும் இல்லை. எதையும் தொடவில்லை. அவருக்குப் பின்னால், அடுக்களைக்குள் எட்டியே பார்க்காத மேற்பார்வையாளர் மேடம், சும்மா வந்ததுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர்தான்.

அவள் கரண்டியைக் கழுவி மாட்டினாள். முதுகை நிமிர்த்தினாள். இவ்வளவு நாள் உழைத்ததெல்லாம் இந்த அரை மணி நேரத்துக்காகத்தான்.

"அம்மா!"

வாசலில் பொடிசு நின்றாள்.

இடுப்புவரை தொங்கிய முடியைக் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தார்கள். தினமும் காலையில் மடியில் உட்கார வைத்து, அவள் கத்தக் கத்தப் பின்னிவிட்ட முடி. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அது எப்போது விழுந்தது, அப்போது அழுதாளா, பல்லை என்ன செய்தார்கள்? ஒன்றும் தெரியாது.

குழந்தையின் தோள்மேல் கை வைத்தபடி நாத்தனார் நின்றாள்.

நாத்தனார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, பிரேக்கைத் தன் காலடியில் வைத்துக்கொண்டு உட்காரும் வேலை. அவள் கத்தி யாரும் கேட்டதில்லை. தாயில்லாத தம்பியைத் தானே வளர்த்தாள். தம்பி எந்தச் சட்டை போட வேண்டும், எந்த வேலைக்குப் போக வேண்டும், மனைவியிடம் எப்போது பேசக்கூடாது, எல்லாம் அந்த அமைதியான குரலில்தான் முடிவாகும். தம்பிக்குப் பிறந்தது பெண் குழந்தை என்றதும் ஆஸ்பத்திரியில் முதலில் கை நீட்டி வாங்கியவளும் அவள்தான். அன்று வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

"அம்மா" என்று மறுபடி கூப்பிட்டாள் குழந்தை. இந்த முறை கொஞ்சம் மெதுவாக.

ஓடிப்போய் வாரித் தூக்கக் கை பரபரத்தது. கண்ணாடிக்காரர் தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்தார்.

"வா பாப்பா" என்றாள் அவள், சமையல்காரியின் குரலில். "ரொம்ப தூரத்துல இருந்து வர்றியா? கால் வலிக்குமே. இப்படி முக்காலியில உக்காரு."

குழந்தை புரியாமல் அத்தையைப் பார்த்தது.

"இது அந்தக் காலம்டா செல்லம்" என்றாள் நாத்தனார். "இவங்க இந்த வீட்டுச் சமையல்காரி."

பொடிசு ஒரு கணம் யோசித்தாள். பிறகு அந்த ஓட்டைப் பல் தெரியச் சிரித்தாள்.

"சமையல்காரம்மா, எனக்குப் பசிக்குது!"

அப்பாடா. விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். என் பிள்ளைக்கா புரியாது? அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது.

அடுக்களையில் கூட்டம் சேர்ந்தது. கல்லூரிப் பெண்கள் சிலர், ஒரு வயதான தம்பதி, தோளில் கைக்குழந்தையோடு ஒருவர். நாத்தனார் கயிற்றோரம் வந்து வசதியாக நின்றுகொண்டாள்.

"ஏம்மா, சமையல்காரி. அந்தக் காலத்துல தரையை எப்படித் துடைப்பாங்க? குழந்தைக்கு ஸ்கூல்ல எழுதணுமாம். செஞ்சு காட்டேன்."

வாசலில் பலகை இருக்கிறதே. அவள் மண்டியிட்டாள். கல் தரையில் மணலைத் தூவி, தண்ணீர் தெளித்து, ஈர்க்குக் கட்டால் தேய்த்தாள்.

"அந்த மூலை?"

மூலைக்கு நகர்ந்தாள்.

"இன்னும் உள்ள தள்ளி. அழுக்கு அங்கதானே இருக்கும். எஜமானியம்மா பார்த்தா திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்கம்மா" என்றாள் அவள், தேய்த்துக்கொண்டே. "திட்டறதுக்கு ஆள் வேணும்னுதானே எங்களை வெச்சிருக்காங்க."

கூட்டம் சிரித்தது. மேடம்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க படுப்ப?"

"அடுப்போரமாத்தாம்மா. கதகதன்னு இருக்கும்."

"சொந்தமா ஒரு வீடு வாசல்?"

"அதெல்லாம் ஏதும்மா?"

"இந்த வீட்டை விட்டு ஓடிடலாம்னு தோணினதே இல்லையா? சில பேருக்கு அப்படித் தோணும். பின்னால இருக்கறவங்க கதி என்னன்னு நினைக்கவே மாட்டாங்க."

ஈர்க்குக் கட்டு நின்றது. முழங்கால் ஈரம் உடைக்குள் ஏறியது. அவள் தலையை நிமிர்த்தி, நாத்தனாரின் கண்ணைப் பார்த்தாள்.

"ஓடிப் போறவ எவளும் ஆசைப்பட்டு ஓடறதில்லம்மா. ஓட ஓட விரட்டினாத்தான் ஓடுவா."

"அருமை" என்று முணுமுணுத்தார் வயதான தம்பதியில் இருந்த கணவர். கல்லூரிப் பெண் ஒருத்தி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

இதற்குத்தான் வந்திருக்கிறாள், என்னை அழ வைத்து வேலையைக் கெடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. கெடுக்கட்டும் பார்க்கலாம். இன்றைக்கு மண்டியிடச் சொன்னாலும் இடுவேன், குப்புறப் படுக்கச் சொன்னாலும் படுப்பேன். திங்கட்கிழமை என் பிள்ளை என் கையில்.

"சமையல்காரம்மா, நான் அடுப்பு ஊதட்டா?" என்றாள் பொடிசு.

"வா கண்ணு, வா."

இது நாத்தனார் எதிர்பார்க்காதது என்று அவள் நினைத்தாள். கயிற்றுக்கு உள்ளே குழந்தைகளை அழைத்து வேலை காட்டலாம், விதி அதை அனுமதிக்கிறது. ஊதுகுழலைக் குழந்தையின் கையில் கொடுத்து, அந்தச் சின்ன விரல்களின்மேல் தன் விரல்களை வைத்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தையிடம் வேறு சோப்பின் வாசனை அடித்தது. கழுத்துப் பக்கம் மட்டும் அதே பழைய வாசனை.

"கன்னத்தை உப்ப வெச்சுக்கோ. ம்... ஊது!"

பொடிசு ஊதினாள். சாம்பல் பறந்து இருவர் முகத்திலும் அப்பியது. குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. மறுபடி ஊதியது. தணல் கனிந்து சிவந்தது.

"எரியுது! சமையல்காரம்மா, எரியுது பாருங்க!"

"என் ராசாத்தி. இந்தப் பண்ணையிலயே உன்னை மாதிரி யாருக்கும் ஊத வராது."

வாய் காதருகே இருந்தது. 'அம்மாதான்டி கண்ணு, இது வேலைக்காக' என்று மூச்சோடு மூச்சாகச் சொல்லிவிட்டிருக்கலாம். ஒருவருக்கும் கேட்டிருக்காது. ஆனால் எதற்குச் சொல்ல வேண்டும்? குழந்தைதான் எல்லாம் புரிந்து சிரித்துக்கொண்டிருக்கிறதே. தெரிந்ததையே சொல்லி, இந்தச் சந்தோஷத்தை எதற்குக் கலைப்பது?

அங்கேதான் அவள் தவறினாள்.

"பொடிசு, நேரமாச்சு" என்றாள் நாத்தனார். குரலில் தேன். "நீ ஏதோ கேக்கணும்னு சொன்னியே. கேட்டுட்டு வா, கிளம்பலாம்."

சிரிப்பு குழந்தையின் முகத்தில் பாதியில் நின்றது. முக்காலியிலிருந்து இறங்கியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளியில் பாட்டு ஒப்பிக்கிறாற்போல் நேராக நின்றது.

"உங்களுக்குப் பாப்பா இருக்கா?"

"அச்சோ, எவ்வளவு அழகா கேக்குது பாரு" என்றாள் கல்லூரிப் பெண்.

கண்ணாடிக்காரர் கதவு நிலையிலிருந்து முதுகை எடுத்து முன்னால் வந்தார். மேடம் சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

இருக்கு என்று ஒரு வார்த்தை. ராட்டைக்காரியும் ஒரே ஒரு வார்த்தைதான் அதிகம் பேசினாள். இன்றைக்கு இந்த ஒன்றை விழுங்கிவிட்டால் வேலை. வேலை வந்தால் குழந்தை. குழந்தைக்காகத்தானே?

"இல்ல பாப்பா" என்றாள் அவள். "அதுக்கெல்லாம் எனக்குக் கொடுத்து வைக்கலை."

மிக நன்றாகச் சொன்னாள். கடைசியில் வரவேண்டிய பெருமூச்சும் சரியான இடத்தில் வந்தது. மேடத்துக்குத் தெரியாத பக்கத்துக் கண்ணைச் சிமிட்டினாள். புகையில் கலங்கியிருந்த கண். அது சிமிட்டியதா, கரித்ததா என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

"நிஜமாவா?"

"நிஜமாத்தான் பாப்பா."

"ஒரு பாப்பாகூட இல்லையா?"

அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள். வாய் திறக்க பயமாக இருந்தது.

பொடிசு கையிலிருந்த ஊதுகுழலை முக்காலியின்மேல் பதனமாக வைத்தாள். "தேங்க்யூ" என்றாள். யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள், விருந்தாளிகளிடமும் வேலைக்காரர்களிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று. பிறகு நடந்துபோய் அத்தையின் கையைத் தானாகவே பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் திரும்பும்போது சமையல்காரியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். கற்றுக்கொள்ள வந்தவன் முதல் தடவையாக வண்டியைச் சரியாக நிறுத்திவிட்டால் அசைப்பாளே, அப்படி.

கூட்டம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் மாலை மணி அடித்தது. கண்ணாடிக்காரர் உள்ளே வந்து கையை நீட்டினார்.

"நாலு வருஷமா இந்த வேலையைப் பார்க்கறேன்மா. ஒரு குழந்தை வந்து அப்படிக் கேட்டா, எப்பேர்ப்பட்டவங்களும் கொஞ்சம் இளகிடுவாங்க. நீங்க கல்லு மாதிரி இருந்தீங்க."

"நான் சொன்னேன் இல்ல சார்?" என்றார் மேடம், பூரிப்போடு. "இவங்களைப் பார்த்துதான் மத்தவங்க கத்துக்கணும். நாளைக்கே ஆர்டர் டைப் பண்ணிடறேன். என்ன, சந்தோஷமா?"

"சந்தோஷம் மேடம்" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. தலைத்துணியின் முடிச்சை அவிழ்க்கக்கூட மறந்து, பட்டறையை நோக்கி நடந்தாள். கண்டக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

அவர் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தேறிட்டேன்!"

"அடி சக்கை! நான்தான் சொன்னேனே." சம்மட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். "ஆமா, உன் அடுக்களையில என்ன ஆச்சு? ஒரு பொடிப் பொண்ணு, கிராப்பு வெட்டினது, இந்தப் பக்கமா அழுதுகிட்டே போச்சு. கூட ஒரு அம்மா. அது என்னவோ புலம்புச்சு."

"என்ன புலம்புச்சு?"

"'இல்லன்னு சொல்லிட்டாங்க அத்தை, நீங்க சொன்ன மாதிரியே இல்லன்னு சொல்லிட்டாங்க'ன்னு. பாவமா இருந்துச்சு. மிட்டாய் கேட்டிருக்கும், நீ இல்லன்னுட்டியாக்கும்."

அவள் ஓடினாள்.

சரளைப் பாதையில் பழுப்பு உடை காலைத் தட்டியது. ஆலையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, வெளியேறும் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். "ஏதோ நாடகம் போல" என்றது ஒரு குரல்.

கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த வெள்ளைக் கார் இன்னும் போகவில்லை. நிழலில், எஞ்சின் ஓடாமல், சாவகாசமாக நின்றது. காத்திருந்ததுபோல. நாத்தனார் ஸ்டியரிங்கின் முன்னால். பக்கத்து இருக்கையில் இவளுடைய கணவன். அவனும் வந்திருக்கிறான். இவ்வளவு நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

பின் இருக்கை ஜன்னலை இரண்டு கையாலும் தட்டினாள். கண்ணாடி பாதி இறங்கியது.

"பொடிசு! அம்மாடி, அம்மா வந்துட்டேன் பாரு! அது சும்மா சொன்னதுடி கண்ணு. வேலைக்காகச் சொன்னது."

குழந்தையின் முகத்தில் சாம்பலின் நடுவே கண்ணீர் இறங்கிய தடம் காய்ந்திருந்தது. இப்போது அது அழவில்லை. ரொம்ப யோசித்துப் பேசியது.

"நிஜ அம்மாவா இருந்தா, என்னைப் பார்த்ததும் வேலையெல்லாம் போட்டுட்டு ஓடி வந்து தூக்குவாங்கன்னு அத்தை சொன்னாங்க."

"வந்துட்டேனே! ஓடி வந்தேனே இப்ப!"

"பெல் அடிச்சதுக்கு அப்புறம்தானே வந்தீங்க?"

நீங்க. அடுக்களை விளையாட்டில் தவிர, அவளை அந்தக் குழந்தை இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் முன் ஜன்னலுக்குத் திரும்பினாள். "அண்ணி... என்ன பண்ணிட்டீங்க? ஒரு பச்சைக் குழந்தைகிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"நான் என்ன பண்ணினேன்?" நாத்தனாரின் குரல் ஏறவே இல்லை. "போன மாசம் நான் இங்க வந்திருந்தேன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுட்டு, கூட்டத்தோட கூட்டமா உன் அடுப்படியிலதான் நின்னேன். ஒரு பெரியவர் உனக்குப் பிள்ளைங்க எத்தனைன்னு கேட்டாரு. கொடுத்து வைக்கலைன்னு சொன்ன பாரு, எனக்கே நம்பணும்போல இருந்துச்சு. அவ்வளவு நல்லா சொல்றியே, உன் பொண்ணும் ஒரு தடவை கேக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்."

"என் வேலை போயிருக்கும் அண்ணி!"

"ஆமா. போயிருக்கும். வேலையா பிள்ளையான்னு வரும்போது நீ எதை எடுப்பேன்னு குழந்தைக்குத் தெரிய வேண்டாமா? பொய் சொல்லுன்னு நான் சொன்னேனா? நீயேதானே சொன்ன. மூணு தடவை கேட்டா. மூணு தடவையும் இல்லன்னுட்ட."

அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்க. அவகிட்ட சொல்லுங்க, நான் யாருன்னு."

அவன் கைக்குட்டையால் டேஷ்போர்டில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

"நேரமாச்சுக்கா" என்றான். "டிராஃபிக் ஆயிடும்."

கண்ணாடி ஏறியது. கார் பின்வாங்கி, அழகாக ஒரு வளைவு எடுத்து, ஒருவர்மேலும் உரசாமல் வாசலைத் தாண்டியது.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். யாரோ முழங்கையைத் தொட்டார்கள். கைக்குழந்தையோடு வந்திருந்த அந்த மனிதர்.

"சமையல்காரம்மா, தப்பா நினைக்காதீங்க. உள்ள கூட்டத்துல எடுக்க முடியலை. குழந்தையைக் கொஞ்சம் தூக்கிக்கறீங்களா? ஒரே ஒரு போட்டோ."

மறுக்கத் தெம்பில்லை. யாரோ பெற்ற குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சொன்ன பக்கம் பார்த்தாள். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் அவர்.

நகரத்துக்குள் நுழைகிற முதல் சிக்னலில் கார் நின்றது.

பொடிசு பின் இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வெட்டிய முடியின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அவங்க அழுதாங்க."

"நடிக்கறவங்களுக்கு அழுகையும் வரும்டா செல்லம். எது வேணும்னாலும் வரும்."

"உள்ள இல்லன்னு சொன்னதும் நடிப்பு, வெளிய அழுததும் நடிப்பா?"

"ஆமா."

குழந்தை முடியை இழுப்பதை நிறுத்தியது. அதற்கு அந்தக் கணக்கு எங்கேயோ உதைத்தது.

"அப்ப திங்கக்கிழமை அந்த கோர்ட் ஆன்ட்டிகிட்ட நான் சொல்லப் போறதும் நடிப்புதானே அத்தை?"

நாத்தனார் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் குழந்தையைப் பார்த்தாள்.

அன்றைய தினத்தில் முதல் தடவையாக, தம்பிக்காரன் கழுத்தைத் திருப்பினான். அக்காவைப் பார்க்கவில்லை. இருக்கையின் இடுக்கு வழியாக மகளைப் பார்த்தான்.

"என்ன சொல்லப் போற?"

பொடிசு அப்பாவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அந்தக் கண்ணாடியில் தெரிந்த அத்தையின் கண்களைப் பார்த்தாள்.

"சொல்லலாமா அத்தை?"

பச்சை விளக்கு விழுந்தது. பின்னாலிருந்த பஸ் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. வண்டி நகரவில்லை.